ஒரு பகல் தனியாக இருக்க எவ்வளவு குழாய் வேண்டும்

குழாய் பூட்டிப் பிழைக்கிறவர்களில், அதில் தண்ணீர் வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டு பூட்டுகிற ஆட்கள் நாங்கள்தான்.

இரவில் எனக்குக் கண்டி டவுனில் ஒரு ஹோட்டலின் பம்ப் அறையில் வேலை. கூரையெங்கும் ஓடுகிற தீயணைப்புக் குழாய்களில் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். யாரும் சொல்லித்தந்த தொழில் இல்லை. வாசிக்க வேறு ஒன்றும் இல்லாததால் பம்போடு வந்த புத்தகங்களைத் திரும்பத் திரும்ப வாசித்தேன், அவ்வளவுதான். பகலில் நித்திரை வருவது நின்றுபோனபோது பகலையும் குழாய்க்கே கொடுத்துவிட்டேன். சும்மா படுத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பதைவிட அடுத்தவர் கூரையைப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

கமரா பூட்டுகிறவர்கள், சோலர் பூட்டுகிறவர்கள், டைல் பதிக்கிறவர்கள் என்று, பிறத்தியார் வீட்டுச் சுவரில் துளை போட்டுச் சோறு தின்கிற உங்கள் எல்லாருக்கும் இதில் வருவதெல்லாம் பழகிப்போன பாடுதான். கடைகளுக்கும் விடுதிகளுக்கும் நான் நிறையப் பூட்டியிருக்கிறேன். குடும்பம் குடியிருக்கிற வீட்டுக்குப் பூட்டியது ஒன்றே ஒன்று, கெலிஓயாவில்.

கூப்பிட்டவர்

கூப்பிட்டது வீட்டுக்காரர் இல்லை, அவருடைய மகன் நஸ்மி. கம்பளை ரோட்டில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போன இளம்பிள்ளை. வாப்பா ஹாஜியாருக்குப் புடைவைக் கடை. கடையில் அடங்காத சரக்கெல்லாம் வீட்டின் கீழ்த்தளத்தில் கிடக்கும், குடும்பம் மேல்மாடியில். நடுவில் பலகைத் தரை, பழைய வயரிங், ஓர் ஆள் மட்டும் ஏறக்கூடிய மரப்படி. நஸ்மியை அந்தப் படியால் இறக்க இரண்டு ஆட்கள் வேண்டும். கீழே ஓர் அறையை ஒதுக்கித் தருகிறோம் என்றால் அவன் கேட்கமாட்டான். ரோட்டைப் பார்க்கிற முன் ஜன்னலை விட்டு அசைய மனமில்லை.

ஊரில் ஒரு கடை கரண்ட் கோளாறில் எரிந்த நாளிலிருந்து நஸ்மியின் உம்மா வாசலைத் தாண்டவில்லை. மகனை மேலே விட்டுவிட்டுப் போய், கீழே துணியில் நெருப்புப் பிடித்தால் என்ன செய்வது என்ற ஒரே யோசனை. அக்குறணையில் தங்கச்சி மகளுக்குக் கலியாணம் வருகிறது, அதற்கும் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். காவலுக்கு ஆள் வைக்கலாம் என்று வாப்பா சொல்ல, காவல் வேண்டாம் என்று மகன் சொல்ல, வீட்டில் இழுபறி. இதையெல்லாம் கட்டிலில் சாய்ந்தபடி எனக்கு விளக்கிவிட்டு, போனில் தேடி எடுத்த, நெருப்புப் பிடித்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரிங்க்ளர் படங்களைக் காட்டினான். இங்கே வீடுகளுக்கு இதை யாரும் பூட்டுவதில்லை தம்பி என்றேன். அது அவன் காதில் ஏறவில்லை.

"உம்மா அந்தக் கலியாணத்துக்குப் போகணும். நான் ஒரு பகல் இந்த வீட்டுல தனியா இருக்கணும். அதுக்கு எவ்வளவு பைப் வேணும் அண்ணன்?"

ஹாஜியார் பார்த்த படங்கள்

குழாய் வெட்டித் திரெட் போடுகிற வேலைக்கு என்னோடு வருகிறவர் புசல்லாவைச் செல்லையா அண்ணன். என்னைவிட மூத்தவர். தேயிலைத் தொழிற்சாலையில் குழாய் வேலை பார்த்த கை. வாயில் எப்போதும் வெற்றிலை கிடப்பதால் பேச்சு குறைவு. பேசவேண்டுமானால் வெளியே போய்த் துப்பிவிட்டு வரவேண்டும், ஆகவே அவர் பேசினால் நான் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.

மேல்மாடியை முடித்துக் குழாயைக் கீழ்த்தளத்துக்கு இறக்கியபோது ஹாஜியார் கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார். துணிக்கு மேலே இந்தச் சாமான் வேண்டாம், மாடிக்கு மட்டும் போதும் என்றார். அவர் பார்த்த படங்களில் எல்லாம் எவனோ ஒருவன் சிகரெட்டைப் பற்றவைத்ததும் கட்டடம் முழுக்க மழை பெய்திருக்கிறது. பெருநாள் சரக்கு அவ்வளவும் ஒரு நெருப்புக்குச்சியில் நாசமாகிவிடும் என்ற பயம். தண்ணீர் தெளிக்கிற ஒவ்வொரு ஹெட்டின் வாயையும் சின்னக் கண்ணாடிக் குமிழ் ஒன்று அடைத்துக்கொண்டிருக்கிறது, சூடு பட்ட குமிழ் மட்டும்தான் உடையும், அதற்குக் கீழே மட்டும்தான் தண்ணீர் விழும் என்று ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டினேன். நெருப்புப் பிடிக்கப்போவது கீழே. மாடியில் மட்டும் பூட்டினால் தரை எரிந்த பிறகுதான் அதற்கே தெரியவரும் என்றேன். அவர் மூட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாட்டேன் என்று தலையை ஆட்டினார். செல்லையா அண்ணன் ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டார்.

பலகைத் தரை என்றால் கீழே பேசுவதெல்லாம் மேலே கேட்கும். அது ஹாஜியாருக்கும் எனக்கும் மறந்துபோயிருந்தது. நஸ்மி சத்தம் போடவில்லை. தேத்தண்ணீர் கேட்கிற குரலில்தான் மேலேயிருந்து சொன்னான்.

"துணி நனைஞ்சா காயும் வாப்பா."

சாம்பிராணி

அடுத்த நாள் போனபோது, கூரை முட்ட அடுக்கியிருந்த மூட்டைகளை ஹாஜியார் தன் கையாலேயே இறக்கிக்கொண்டிருந்தார். ஹெட்டுக்குக் கீழே இடைவெளி வேண்டும் என்று நான் முதல் நாளே சொல்லியிருந்தேன்.

சிக்கல் இப்போது உம்மா பக்கத்தில். வியாழக்கிழமை மஃரிப் தொழுகைக்குப் பிறகு சட்டியில் தணல் எடுத்துச் சாம்பிராணி போட்டு அறை அறையாகக் காட்டுவது அந்த வீட்டில் என்றைக்குமே தவறாத காரியம். குழாய் பூட்டியதிலிருந்து அதை நிறுத்திவிட்டாராம். நஸ்மி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. புகை பட்டால் தண்ணீர் கொட்டும் என்று அவரும் நம்பியிருந்தார். நான் சட்டியைக் கேட்டு வாங்கி, இரண்டு பிடி சாம்பிராணி போட்டு, அவர் கண் முன்னாலேயே ஹெட்டுக்குக் கீழே பிடித்தபடி நின்றேன். புகை போய்க் கூரையில் முட்டி விரிந்தது. எனக்கு இருமல் வந்தது. தண்ணீர் வரவில்லை. இதற்குப் புகை தெரியாது, சூடு மட்டும்தான் தெரியும், கூரை கொதிக்கிற அளவு சூடு வந்தால்தான் உடையும் என்றேன். உம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தக் குமிழையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாம்பிராணிக்கும் நெருப்புக்கும் வித்தியாசம் இதுக்குத் தெரியுதே தம்பி. எங்கட மனுசன் இத்தனை வருசமா மூக்கால மணந்து மணந்து, எங்க எரியுது எங்க எரியுதுண்டு கேக்குறாரு."

தாங்கி

நெருப்புக்கென்று தனியாக ஒரு தண்ணீர்த் தாங்கி வைத்தோம். வீட்டுக்குப் பின்னால் மலைச்சரிவில் மேடை கட்டி, பக்கத்திலேயே கரண்ட் போனாலும் ஓடுகிற சின்ன டீசல் பம்ப். கண்டிப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, மழை கொட்டுகிற நாளிலும் குழாயில் தண்ணீர் வெட்டு வரும். அப்படி ஒரு வெட்டு வந்த வாரத்தில் போய் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு சாண் தண்ணீர். பம்ப் அந்த நேரம் ஓடியிருந்தால் காற்றைத்தான் குடித்திருக்கும்.

கசிவு எங்கே என்று செல்லையா அண்ணன் மூட்டுகளையெல்லாம் தடவித் தடவிப் பார்த்தார். கசிவு இல்லை. பக்கத்து வீட்டு ஆட்கள் வாளியோடு வந்திருக்கிறார்கள், உம்மா திறந்து கொடுத்திருக்கிறார். இது உங்கள் மகனுக்கு வைத்த தண்ணீர் என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"சும்மா கிடக்கிற தண்ணிய இல்லண்டு சொல்ல எனக்கு ஏலா தம்பி. நெருப்பு இன்னும் வரல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளை வாளியோட வந்து நிக்கிறா."

நுளம்பு வலை

உம்மாவை மாற்ற முடியாது, தாங்கியை மாற்றலாம் என்றார் செல்லையா அண்ணன். பெரிய தாங்கி ஒன்றை எடுத்து, வீட்டுக்கும் அயலுக்கும் போகிற குழாயை அதன் பாதி உயரத்தில் பூட்டினார். மேல் பாதியை ஊரே அள்ளலாம், கீழ்ப் பாதி நெருப்புக்கு. யார் எவ்வளவு வாளி கொண்டுவந்தாலும் அந்தப் பாதிக்குக் கீழே இறங்காது. இனி ஒரு தொல்லையும் வராது என்று நானும் நினைத்தேன். இப்படி நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன நாட்கள் உங்களுக்கும் இருந்திருக்கும்.

ஒரு மாலை நஸ்மியின் அறைக்குப் போனால், அவன் கட்டிலுக்கு நேர் மேலே நான் அளந்து அளந்து பூட்டிய ஹெட்டில் நுளம்பு வலை தொங்குகிறது. வட்டமாக விரிகிற பெரிய வலை, அதன் கயிறு கண்ணாடிக் குமிழைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருக்கிறது. உள்ளே நஸ்மி, வெள்ளைத் துணிக்குப் பின்னால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தான். கட்டினவர் ஹாஜியார். கதிரை மேல் ஏறி அவரே கட்டினாராம். கயிறு இழுபட்டால் குமிழ் உடையும், உடையாவிட்டாலும் நெருப்பு வருகிற அன்று விழுகிற தண்ணீரை வலை பிடித்துக்கொள்ளும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்க, அவர் கதவு நிலையில் சாய்ந்து நின்று வலையை ரசித்துப் பார்த்தார்.

"இவ்வளவு பாடுபட்டுப் பூட்டினதுக்கு இப்பதான் ஒரு பிரயோசனம் கெடச்சிருக்கு. அதையும் கழட்டச் சொல்றீங்க."

பெயின்ட்

வலைக்குச் செல்லையா அண்ணன் வேறாகக் கொக்கி அடித்துக்கொடுத்தார். கலியாணம் நெருங்கியது. மாப்பிள்ளை வீட்டார் வந்துபோவார்கள் என்று ஹாஜியார் மாடிக்குப் பெயின்ட் அடிக்க ஆள் பிடித்தார். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. கடைசி முறையாக எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று போனபோது, கூரை பால் மாதிரி இருந்தது. ஹெட்களும் பால் மாதிரி இருந்தன. குமிழுக்குள் இருக்கிற சிவப்புத் திரவம்கூடத் தெரியவில்லை.

நான் அப்படியே மரப்படியில் உட்கார்ந்துவிட்டேன். பெயின்ட் பட்ட குமிழுக்குச் சூடு நேரத்தோடு எட்டாது. துடைத்தும் சரிவராது, கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகத்தான் பூட்டவேண்டும். ஹாஜியார் இதை நம்பவில்லை, கொஞ்சம் தின்னரில் துடைத்தால் போதும் என்றார். உம்மா அங்கே நின்ற எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, கலியாணத்துக்கு எடுத்து வைத்திருந்த பையை அலுமாரிக்குள் திருப்பி வைத்தார். பெயின்டர், நல்ல மனிதர், வேலையைக் குறை சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஏணியிலிருந்து இறங்கி வந்து கூரையைக் காட்டினார்.

"மேல ஒன்னும் துருத்திக்கிட்டுத் தெரியக்கூடாதுன்னு ஐயாதான் சொன்னாங்க. இப்ப எங்கயாச்சும் தெரியுதுங்களா?"

இரண்டு பீப்பாய்

நம்பாத ஆட்களிடம் புத்தகத்தைக் காட்டிப் பயனில்லை. புது ஹெட்கள் கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வந்தன. பூட்டுவதற்கு முன்னால் பின்வளவில் இரண்டு பழைய தகரப் பீப்பாய்களை வைத்து, இரண்டிலும் ஒரே அளவு துணித்துண்டு போட்டு, ஒன்றுக்கு மேலே புது ஹெட்டையும் மற்றதுக்கு மேலே பெயின்ட் பட்டதையும் குழாயில் மாட்டினேன். நஸ்மி ஹாஜியாரின் போனில் வீடியோ அழைப்பில் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். பெயின்டரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்.

கொளுத்தினோம். புதியது கொஞ்ச நேரத்தில் டிக் என்று உடைந்தது; பம்ப் தானாக உறுமிக்கொண்டு எழும்பியது, தண்ணீர் குடை மாதிரி விரிந்து விழுந்து பீப்பாய் அடங்கியது. அடுத்த பீப்பாயில் நெருப்பு வாய்க்கு மேலே எழும்பி ஆடிக்கொண்டிருந்தது. பெயின்ட் கறுத்தது, பொரிந்து உரிந்தது, குமிழ் உடையவே இல்லை. பெயின்டர் மெல்லத் தொப்பியைக் கழற்றினார். கடைசியில் செல்லையா அண்ணன்தான் வாளித் தண்ணீரை ஊற்றி அணைத்தார். ஹாஜியார் போனைப் பெயின்டரிடம் கொடுத்துவிட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் மாடிக்குப் போனார்.

உம்மா இவ்வளவு நேரமும் முதல் பீப்பாய்க்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். தள்ளி நிற்கச் சொல்ல எனக்கு மறந்துவிட்டது. தலையிலிருந்து கால்வரை தெப்பமாக நனைந்திருந்தார். கையை நீட்டி, விழுகிற தண்ணீரை ஏந்திப் பார்த்தார், அணைந்த துணியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பெயின்டரிடமிருந்து அந்தப் போனைக் கையில் வாங்கி, மாடியிலிருக்கிற மகனிடம் கேட்டார்.

"கலியாணத்துக்கு எந்தச் சாரிய உடுக்குற மகன்? பச்சையா, மற்றதா?"

டீக்கடை

கலியாணத்தன்று ஹோட்டலில் வேலை முடிந்து வெளியே வந்தேன். அறைக்குப் போகிற பஸ்ஸில் ஏறாமல் கெலிஓயா பஸ்ஸில் ஏறினேன். பம்பில் ஒரு மூட்டு மனதில் உறுத்திக்கொண்டிருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் போய்ச் சேர்ந்தபோது அக்குறணைக்குப் போகிற வேன் வாசலில் நின்றது. உம்மா பச்சைச் சாரியில் ஏறி உட்கார்ந்தார், இறங்கினார், உள்ளே போய்ப் படியேறிப் பார்த்துவிட்டு வந்தார், மறுபடி ஏறினார். ஹாஜியார் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். வேன் போனது.

நான் பின்வளவுக்குப் போய்ப் பம்பைப் பார்த்தேன், தாங்கியைத் தட்டிப் பார்த்தேன், வால்வுகள் திறந்திருக்கின்றனவா என்று பார்த்தேன். எல்லாம் நேற்று விட்டபடியே இருந்தன. முன்பக்கம் வந்து, தம்பி ஏதாவது வேணுமா என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டேன். நஸ்மி ஜன்னலண்டை சாய்ந்திருந்தான். உம்மாவே நம்பிப் போய்விட்டார், பூட்டின ஆளுக்கு நம்பிக்கை இல்லையா என்று கேட்டான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். நான் பம்பின் மூட்டைப் பற்றிச் சொன்னேன். அவன் என்னையே பார்த்தான். சரி என்று கையைக் காட்டிவிட்டு நடந்தேன்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை. ஒரு பிளேன்டீ சொல்லிவிட்டு, வாசல் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து பார்த்தால் அந்த ஜன்னல் தெரியும், கீழ்த்தளக் கதவும் தெரியும், புகை வந்தால் முதலில் எனக்குத்தான் தெரியும். அவன் என்ன செய்கிறான் என்று பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. ஒரு பாட்டை உரக்கப் போட்டான், பிறகு நிறுத்தினான். ஜன்னல் கட்டையில் கையை வைத்து, அதன் மேல் முகத்தை வைத்து, போகிற வருகிற வாகனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டால் ஓடிவருவதற்கு வீட்டுக்குள் ஒருவரும் இல்லாமல் அவன் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். இரண்டாவது பிளேன்டீயும் ஆறிப்போனது. அப்போது என் போன் அடித்தது.

"அண்ணன், தூணுக்கு வெளியால உங்கட கால் தெரியுது. அந்தா கண்டி பஸ் வருது, ஏறுங்க."

இந்தத் தொழிலில் பூட்டுவதைப் புத்தகம் பார்த்துப் படித்துக்கொண்டேன், பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவதைத்தான் இன்னும் ஒரு புத்தகத்திலும் காணவில்லை.